தறிக்குப் போன கஞ்சி

எல்லம்மாளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதப்போகிறேன் என்றால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். அவள் வாய்க்குப் பயந்து மீன் மார்க்கெட் பக்கமே தலைவைத்துப் படுக்காத பெண்கள் பெரிய காஞ்சிபுரத்தில் உண்டு. மீனைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்காமல் நகர்ந்தால் போதும், பிறந்த வீடு புகுந்த வீடு இரண்டையும் இழுத்துவைத்து விசாரிப்பாள். நானும் வாங்கிக்கட்டிக்கொண்டவள்தான். ஒரு தடவை, கெளுத்தியின் கண் குழிந்திருக்கிறதே என்று கேட்டுவிட்டேன். உன் புருஷன் கண்ணைவிட இது தேவலை என்றாள். அவர் கண் குழிந்தது தறியில் இழை பார்த்துப் பார்த்து. அது அவளுக்கும் தெரியும், ஆனாலும் சொன்னாள்.

அவளுக்கு மீன் சதுரங்கப்பட்டினத்திலிருந்து காலை பஸ்ஸில் வரும். நல்ல மீன் விற்றுவிடும். வெட்டிக் கொடுத்த மீனின் தலையும் நடுமுள்ளும், விரல் நீளம்கூட இல்லாத பொடிமீனும் மீந்துபோகும். அதை வாலாஜாபாத் சாலையில் தோப்பு வைத்திருந்தவர்கள் தென்னைக்கு உரமாக அள்ளிக்கொண்டு போனார்கள். யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. எல்லம்மாளும் நினைத்ததில்லை, அவள் மகள் சாகும்வரை.

மகளுக்கு இரண்டு வயது முடியவில்லை. முதலில் மெலிந்தாள், பிறகு காலும் முகமும் வீங்கின. பிள்ளை உடம்பு வைக்கிறது என்று எல்லம்மாள் சந்தோஷப்பட்டாள். முடி செம்பட்டையானபோது எண்ணெய் வைத்துவிட்டாள். தாய்சேய் நல நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது நேரம் கடந்துவிட்டது. அது நோயே இல்லை, சோறும் கூழும் மட்டுமே தின்ற பிள்ளைக்குப் புரதச் சத்து போதவில்லை, பருப்போ பாலோ மீனோ தினம் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் போதும் என்று அங்கிருந்த நர்ஸ் லில்லி பிற்பாடு சொன்னாள். மீன் விற்கிறவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் லில்லியை வெறுத்திருப்பார்கள். இவள் மறுநாளே ஒரு கூடை பொடிமீனோடு அவள் முன்னால் போய் நின்று, இதில் அந்தச் சத்து இருக்குதா என்று கேட்டாள்.

லில்லி நாகர்கோவில் பக்கத்துப் பெண். மீனைக் கண்டால் முகம் மலரும். இருக்கிறது, நிறையவே இருக்கிறது என்றாள். பிறகு இருவரும் சேர்ந்து பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பு வரும். முதல் தடவை பொடிமீனைச் சும்மா காயவைத்து இடித்தார்கள். அந்த நாற்றத்தில் பிள்ளைகள் மட்டுமில்லை, பிள்ளைகளைத் தூக்கிவந்த அம்மாக்களும் வாந்தி எடுத்தார்கள். எண்ணெய்ப் பசைதான் சிக்குவாடை அடிக்கிறது என்று எல்லம்மாள் கண்டுகொண்டாள். குடலை எடுத்துவிட்டு, மீனையும் தலையையும் வேகவைத்து, கோணியில் கட்டி, அம்மிக்கல்லை மேலே ஏற்றிப் பிழிந்தாள். மறுபடி வெந்நீரில் அலசிப் பிழிந்து, ஓலைப்பாயில் காயவைத்து, மொறுமொறுவென்று வறுத்து இடித்து, வேட்டித் துணியில் சலித்தாள். செக்கிலிருந்து அன்றன்றைக்கு வரும் கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை பிடிக்காததாகப் பார்த்து எடுத்து, வறுத்த கேழ்வரகோடு அதையும் சேர்த்து அரைத்துக் கலந்தாள். மாட்டுக்கும் மரத்துக்கும் போனது பிள்ளைகளுக்கான மாவாயிற்று. நிலையத்து டாக்டர் அதைப் பரிசோதனைக்கு மெட்ராசுக்கு அனுப்பி, நல்லது என்று பதில் வந்த பிறகுதான் கொடுக்கச் சொன்னார். மனுஷ மூக்குக்கு அதில் மீன் வாசனையே தெரியாது. கடலை வறுத்த வாசனைதான் வரும்.

பொட்டலத்துக்குக் கஞ்சி மாவு என்று பேர் வைத்தவள் லில்லி. அந்தப் பேர்தான் வினையாயிற்று.

எங்கள் பக்கத்து வீட்டுப் பஞ்சாட்சரத்தின் பிள்ளை குமாரவேலுக்கும் அதேபோல் கால் வீங்க ஆரம்பித்தது. அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த வருஷம் அது, அறுபத்தாறோ அறுபத்தேழோ. பிள்ளை எதை ஊட்டினாலும் வாயைத் திருப்பிக்கொள்வான். அழக்கூட மாட்டான், சுவரோரம் உட்காரவைத்தால் உட்காரவைத்த இடத்திலேயே இருப்பான். அவன் அம்மா கிருஷ்ணவேணி அவனைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பஞ்சாட்சரம் பிள்ளை பிழைத்தால் போதும் என்று, காமாட்சிக்குத் தன் கையால் ஒரு சேலை நெய்து சாத்துவதாக வேண்டிக்கொண்டு, தறியில் நெடுக ஓடும் பட்டிழையான பாவை எடுத்திருந்தார். எங்கள் வீடுகளில் மீன் உண்டு, ஞாயிற்றுக்கிழமை மணக்கும். ஆனால் தறி இருக்கும் அறைக்குள் அது போகாது. அம்மன் சேலை தறியில் ஏறினால் வீட்டிலேயே கிடையாது.

பிள்ளையை நிலையத்துக்குத் தூக்கிப்போனவர் பஞ்சாட்சரம். லில்லி ஒரு டானிக் பாட்டிலும் ஒரு பெரிய பொட்டலமும் கொடுத்து, கஞ்சி மாவு இது, தினம் ரெண்டு வேளை கஞ்சி போடுங்க, நல்லா வரும் என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் திரும்பிவிட்டாள். அவள் ஊரில் அப்படிச் சொல்வார்களோ என்னவோ. எங்கள் ஊரில் குடிக்கிற கஞ்சியைக் காய்ச்சுவோம். கஞ்சி போடுவது பாவுக்கு. பட்டு இழை பிசிறாமல் இருக்க, தெருவில் பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி பூசிக் காயவைப்போமே, அதற்கு. சோற்றுக்கே அரிசி இல்லாமல், பாவுக்கு மரவள்ளி மாவைக் காய்ச்சிக்கொண்டிருந்த காலம். சர்க்கார் நெசவாளிக்கு இரக்கப்பட்டுக் கஞ்சிக்கு மாவு கொடுக்கிறது என்று பஞ்சாட்சரம் நினைத்ததில் என்ன தப்பு? டானிக் பிள்ளைக்கு, மாவு பாவுக்கு. மாவு பழுப்பாக இருந்ததைப் பார்த்தும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. சர்க்கார் மாவு வேறெப்படி இருக்கும் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் தெருவில் பாவு நீட்டினார்கள். பஞ்சாட்சரம் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, அந்த மாவை ஒரு பானையில் தானே காய்ச்சி எடுத்துவந்து, அரக்கு நிறப் பாவில் பூச ஆரம்பித்தார். பாதிப் பாவு ஆகவில்லை, எங்கிருந்தோ ஒரு பூனை வந்தது. பின்னாலேயே இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் தெருப் பூனைகள் எல்லாம் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி பாவின் அடியில் வரிசையாக உட்கார்ந்து, சொட்டுகிற கஞ்சியை நக்கின. எல்லம்மாளால் மனுஷ மூக்கைத்தான் ஏமாற்ற முடிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் கிருஷ்ணவேணி காலிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்த இதே பொட்டலத்தைப் பார்த்திருந்தாள் போல, இது எல்லம்மா இடிக்கிற மீன் மாவாச்சே என்றாள். என் சிரிப்பு அப்படியே நின்றது.

அம்மன் பாவில் மீன். தெரு கூடிவிட்டது. நாலு பேர் நிலையத்துக்கு ஓடி, இனிமேல் அந்த மாவு இந்த ஊரில் இருக்கக் கூடாது, டாக்டர் வந்ததும் முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கலெக்டர் வரைக்கும் போவோம் என்று கத்தினார்கள். மாவு கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்த எல்லம்மாள் அங்கேதான் இருந்தாள். லில்லி தடுக்கத் தடுக்க, நேரே எங்கள் தெருவுக்கு நடந்து வந்தாள். லில்லியும் பின்னாலேயே ஓடிவந்தாள்.

இன்றைக்கு நாறப்போகிறது என்று நினைத்தேன். அவள் வாயும் எங்கள் தெரு வாயும் மோதினால் ஏகாம்பரநாதர் கோபுரம் வரைக்கும் கேட்கும். ஆனால் பஞ்சாட்சரம் சண்டைக்கு வரவில்லை. பாவின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் கஞ்சி.

"புள்ளைக்கோசரம் வேண்டிக்கினு எடுத்த பாவு" என்றார். "அதுல எங்கையாலயே மீனைப் பூசிட்டேன். இனிமே எம்புள்ள பொழைக்குமா? நீ சொல்லு."

திட்டியிருந்தால் அவளுக்குப் பதில் சொல்லத் தெரியும். இதற்கு அவள் தயாராக வரவில்லை. பாவை ஒரு தடவை நெடுகப் பார்த்தாள்.

"பட்டு இழையை அலசினா போயிடும்பா" என்றாள். "நானும் ஒண்ணைப் பறிகொடுத்தவ. மீனை மரத்துக்குக் கொட்டிட்டு, பெத்ததைக் குழியில வெச்சேன். அதை எந்தத் தண்ணியில அலசறது?"

அப்போதுதான் சளப் சளப்பென்று ஒரு சத்தம் கேட்டது. பூனைதான் பானையில் வாய் வைத்துவிட்டது என்று நினைத்து நான் கையை ஓங்கிக்கொண்டு திரும்பினேன். குமாரவேல். சுவரோரம் உட்காரவைத்திருந்த பிள்ளை, கஞ்சிப் பானை வரைக்கும் எப்படித்தான் நகர்ந்து வந்தானோ, முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு, அள்ளி அள்ளி வாயில் வைத்துக்கொண்டிருந்தான். மூக்கிலும் கன்னத்திலும் மாவு.

கிருஷ்ணவேணி பாய்ந்தாள். எல்லம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். சாதாரண நாளாக இருந்தால் மீன்காரி கை பட்டதற்கே ஒரு பேச்சு வந்திருக்கும்.

பஞ்சாட்சரம் எழுந்து போய்ப் பிள்ளையின் எதிரில் குந்தினார். பானையைச் சாய்த்துப் பிடித்தார். அடியில் ஒட்டியிருந்ததைத் தன் விரலால் வழித்து அவனுக்கு ஊட்டினார். அவன் வாயைத் திருப்பிக்கொள்ளவில்லை. தீர்ந்துபோனதும் அப்பாவின் விரலையே பிடித்துச் சப்பினான். பாதிக் கஞ்சியோடு பாவை வெயிலில் விட்டால் இழை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாழாகிவிடும், எங்கள் தெருவில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் அது தெரியும். பாவு அவர் முதுகுக்குப் பின்னால் காய்ந்துகொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் அவரைக் கூப்பிடவும் இல்லை.

குமாரவேல் பிழைத்துக்கொண்டான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மாவை நிறுத்தச் சொல்லிப் பிறகு யாரும் நிலையத்துக்குப் போகவில்லை. ஆனால் அவை எல்லாம் பின்னால் நடந்தவை. அன்றைக்கு அந்த வாசலில், மகன் பிழைப்பானா மாட்டானா என்று யாருக்கும் தெரியாத நேரத்தில், பஞ்சாட்சரம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து எல்லம்மாளிடம் வந்தார்.

"யக்கா" என்றார். "நாளைக்கும் கொஞ்சம் எடுத்துக்கினு வாங்கக்கா."

எங்கள் தெருவில் அதுவரை அவளை வா என்றுகூட யாரும் சொன்னதில்லை. எல்லம்மாள் லில்லியைப் பார்த்து, காயப்போட்ட மீனைக் காக்கா தூக்கிக்கினு பூடும், வாம்மா போவலாம் என்று முணுமுணுத்துவிட்டு, முந்தானையால் முகத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.