நாலாவது கடதாசி

தாராபுரத்திலிருந்து கொண்டச்சிப் பள்ளிக்கூடத்துக்குப் போக இரண்டு பஸ் ஏறவேண்டும். மூன்று வருடமாக நுஸ்ரியா டீச்சர் அப்படித்தான் போய்வந்தாள். உம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகு அந்தப் பயணம் தாங்கமுடியாமல் போனது. பகலில் பக்கத்து வீட்டு மாமி வந்து பார்த்துக்கொள்வாதான். என்றாலும், பாடத்தின் நடுவில் கைப்பைக்குள் போன் அதிர்ந்தால் நுஸ்ரியா கரும்பலகையில் எழுதிய வரியைப் பாதியில் விட்டு ஓடுவாள்.

ஒன்பதாம் வகுப்புக்கு அவள் தமிழ் படிப்பித்தாள். கதையென்றால் பிள்ளைகள் விழுந்து விழுந்து வாசிப்பார்கள். அறிவித்தல், மருந்துத் தாள் என்றால் இரண்டு வரியோடு களைத்துவிடுவார்கள். அதனால் வீட்டுக்கு வருகிற கடதாசிகளையே வகுப்புக்குக் கொண்டுவந்தாள்.

"கதை வாசிக்கிற மாதிரி மேலயிருந்து ஓடாதேங்கோ. முதல்ல தலைப்பைப் பாருங்கோ. ஆருக்கு எழுதினது? என்ன செய்யச் சொல்லுது? எந்தத் திகதிக்குள்ள? அட்டவணை, அடிக்குறிப்பு ஒண்டையும் விடாதேங்கோ."

ஒரு புதன்கிழமை வேறொன்றும் கைக்கு அகப்படவில்லை. ஆசிரியர் இடமாற்றச் சுற்றறிக்கையைப் பிரதியெடுத்துக் கொடுத்தாள். அவளுடைய முதல் விண்ணப்பம் 'பூரணமற்றது' என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பி வந்திருந்தது. ஏனென்று விளங்காமலே இரண்டாவதையும் அதேபோல நிரப்பிக் கைப்பையில் வைத்திருந்தாள்.

"ஒரு டீச்சர்ட உம்மாவுக்குச் சுகமில்லை. இடமாற்றம் கேக்க அவ என்னென்ன அனுப்பவேணும்?"

உம்மு குல்சூம் கையை உயர்த்தினாள். "நாலு கடதாசி, டீச்சர்."

"மூண்டு. திரும்ப எண்ணிப் பாரும்."

"இல்ல டீச்சர், நாலுதான்." எழுந்து வந்து, அட்டவணைக்குக் கீழே விரலை வைத்தாள். "இங்க பொடி எழுத்தில கிடக்கு. ரெண்டு பேரும் ஒரே வீட்டில இருக்கிறதெண்டு கிராம அலுவலர்ட அத்தாட்சி."

நுஸ்ரியா குனிந்து அதை வாசித்தாள்; அவளுடைய கைப்பையில் இருந்தது மூன்றுதான். முடிவுத் திகதி வெள்ளிக்கிழமை. சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் சொன்னாள்: "அந்த டீச்சர் நான்தான். நானும் அட்டவணையோட நிண்டிட்டன்."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"அப்ப நீங்க போயிடுவீங்களோ?" என்று குல்சூம் கேட்டாள். நல்லவேளை, அப்போது மணி அடித்துவிட்டது.

வியாழக்கிழமை லீவு போட்டுக் கிராம அலுவலரின் கந்தோர் வாசலில் நின்றாள். அவர் வெளிவேலையாகப் போயிருந்தார். வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் இருப்பாள், எழுந்து வேலிப் படலைவரை நடப்பாள், மறுபடி வந்து இருப்பாள். மூன்று மணிக்கு அவர் வந்து அத்தாட்சியில் ஒப்பமிட்டார். மறுநாள் நாலு கடதாசியையும் கல்விக் கந்தோரில் கொடுத்தாள். வாங்கிய கிளாக்கர், "எல்லாம் சரி," என்றார்.

தை மாதம் இடமாற்றம் வந்தது. இப்போது நடந்துபோகிற தூரத்தில் பள்ளிக்கூடம். உம்மாவுக்கு மத்தியானக் கஞ்சியைத் தன் கையாலேயே பருக்கலாம். ஆனால் கொண்டச்சிக்கு வேறு தமிழ் டீச்சர் வரவில்லை. மாசி, பங்குனி, சித்திரையும் போயிற்று. கல்விக் கந்தோரில் இரண்டு தரம் கேட்டுப் பார்த்தாள், "வருவினம்" என்றார்கள். கஞ்சி பருக்கும்போதும் அவள் மனம் அந்த வகுப்புக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை மாமியை வரச்சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினாள்.

"திரும்பவும் அங்கயோ?" உம்மாவுக்கு நாக்குக் குழறியது.

"பின்னேரத்துக்குள்ள வந்திடுவன், உம்மா."

முன்னமே சொல்லி அனுப்பியிருந்ததால், கொண்டச்சிப் பள்ளிக்கூடத்துக்குப் பதினொரு பிள்ளைகள் வந்திருந்தார்கள். குல்சூமைக் காணவில்லை, அவளுக்குக் காய்ச்சல் என்றார்கள். நுஸ்ரியா பையைத் திறந்து, கரண்ட் பில்லின் பிரதிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள்.