இரண்டு ரவை

எங்கள் வீட்டில் இரண்டு ரவை உண்டு. ஒன்று சமையலறை டப்பாவில் இருப்பது, உப்புமாவுக்கு. இன்னொன்று கராஜில், இரும்புப் பெட்டிக்குள், பூட்டுப் போட்டு. அது என் மனைவி தன் கையால் செய்தது. ரைஃபிளில் போட்டால் முக்கால் கிலோமீட்டர் தாண்டி நிற்கும் காகிதத்தில் போய் ஓட்டை போடும். அவள் போய்விட்டாள். கடைசியாகச் செய்த ஒரு பெட்டி ரவை மிச்சம் இருந்தது. அதைச் சுடுவதா, பிரித்துக் கொட்டுவதா என்று எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் நான். எட்டாம் வகுப்பு பிடித்துப்போய் அதையே இரண்டு வருடம் படித்தவன்.

நான் திருநெல்வேலிப் பக்கம். கடல் தாண்டி வந்து, விரி என்கிற ஊரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். அவள் யாழ்ப்பாணம். முதியோர் இல்லத்தில் வயதானவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்கவைக்கும் வேலை. பக்கத்து ஊர் பாபகூராவில் வீடு. ஒரே மகள். நான் ‘ஆமா’ என்பேன், அவள் ‘ஓம்’ என்பாள். அதைத் தவிரப் பெரிய சண்டை இல்லை. ஆனால் இந்த ரவை மட்டும் ஆரம்பத்திலேயே காலை வாரிவிட்டது. ஒருநாள் வேலையில் இருந்தபோது போன் வந்தது.

“இஞ்சேருங்கோ, ரவை செய்து வைச்சிருக்கிறன். தொடாதேங்கோ, என்ன?”

நான் பசியோடு வந்து எல்லாச் சட்டியையும் திறந்து பார்த்தேன்.

“ரவை செஞ்சிருக்கேன்னியே, எங்கம்மா?”

“கராஜுக்குள்ள.”

“உப்புமாவ எதுக்குக் கராஜ்ல வச்ச?”

அவள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் ஊரில் துப்பாக்கியில் போடுவதும் ரவைதான். எங்கள் ஊர்ப் பேப்பரிலும் ‘துப்பாக்கி ரவை’ என்று போடுவான். நான் பேப்பரில் சினிமாப் பக்கம் மட்டும் பார்த்தவன்.

முதியோர் இல்லத்தில் அவளோடு வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரம்மாதான் அவளை முதலில் துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனது. ஒருமுறை போய்விட்டு வந்தாள். பிறகு பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினாள். ஊரில் குண்டுச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த ஆளுக்கு இது என்ன ஆசை என்று கேட்டேன்.

“ஊரில எத்தினை வெடி கேட்டனான். ஒண்டும் நான் வைச்சதில்லை. ஆர் வைச்சது, எங்க வந்து விழும், ஒண்டும் தெரியாது. இது நான் செய்த ரவை. நான் சொன்ன இடத்துக்குப் போகுது. அவ்வளவுதான்.”

 

கடையில் ரெடியாக விற்கிற ரவை கிட்டத்தில் சுடுவதற்குப் போதும். தூரத்துக்கு ஆகாது. ஒன்றில் வெடிமருந்து கொஞ்சம் கூட இருக்கும், அடுத்ததில் குறைய இருக்கும். கையில் பிடித்துப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான். தூரம் போகப்போக ஒன்று மேலே போகும், ஒன்று கீழே விழும். அதனால் அவள் சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிவந்து, கழுவி, கரும்புச்சாறு மெஷினுக்குத் தம்பி மாதிரி இருக்கும் ஒரு பிரெஸ்ஸில் வைத்து அளவுக்கு அழுத்தி, அடியில் தீபாவளிப் பொட்டுவெடி போன்ற ஒன்றைப் பதித்து, வெடிமருந்தைத் தராசில் நிறுத்துப் போட்டு, மேலே குண்டைச் செருகுவாள். நிறுக்கிற நேரத்தில் ஃபேன் போடக்கூடாது. தும்மக்கூடாது. ஜோக் சொல்லக்கூடாது. நான் வாசற்படியிலேயே நின்றுகொள்வேன்.

ஒரு ஆயுத பூஜைக்கு நான் செய்த வேலையையும் சொல்லவேண்டும். கார், புல்வெட்டும் மெஷின், குக்கர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே கராஜுக்குள் போனேன். துப்பாக்கி பீரோவுக்குள் பூட்டியிருந்தது, அதனால் பீரோக் கதவுக்கு வைத்தேன். பிரெஸ் கைப்பிடிக்கு வைத்தேன். தராசுத் தட்டிலும் நடுவாகப் பார்த்து, பெரிதாக ஒன்று வைத்தேன். அவள் வேலை முடிந்து வந்தாள்.

“ஆர் இந்தத் தட்டில பொட்டு வைச்சது?”

“சாமிக்கும்மா. ஆயுத பூஜைல்ல.”

“உங்கட சாமி எவ்வளவு பாரமெண்டு தெரியுமே? அரிசிக் குருணை கூடினாலே எனக்கு ரவை மேல போயிடும். நீங்கள் அரைக் கரண்டி சந்தனத்தை அப்பி வைச்சிருக்கிறியள்.”

தட்டைக் கழுவித் துடைத்து, தராசைத் திரும்பப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். பிரெஸ் கைப்பிடிப் பொட்டை மட்டும் அழிக்கவில்லை. அது நிறுக்கிற சாமான் இல்லையாம். அடுத்த வருடம் நான் பயந்து கராஜுக்கே போகவில்லை. “இந்த முறை பொட்டு வைக்கேல்லையே?” என்று அவளே கேட்டாள்.

பிறகு வயிற்றில் வலி என்று போனாள். ஸ்கேன் எடுத்தார்கள், புற்றுநோய் என்றார்கள். அதற்கப்புறம் வீட்டில் மருந்து என்றாலும் இரண்டு ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி மருந்து ஏற்ற ஏற்ற அவளுக்கு விரல் நுனி விறைத்துப்போனது. சட்டைப் பொத்தான் நான்தான் போட்டுவிடுவேன். அப்போதும் ரேஞ்சில் நடக்கும் வசந்தகாலப் போட்டிக்கு ஒரு பெட்டி ரவை செய்யவேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள்.

“கைதான் மரத்துப்போச்சேம்மா. எப்படி நிறுப்ப?”

“கை உங்கட. கண் என்ர.”

அப்படித்தான் அந்தப் பெட்டி செய்தோம். போர்வையைச் சுற்றிக்கொண்டு அவள் தராசு முன்னால் உட்கார்ந்தாள். இரும்புப் பெட்டியைத் திறந்ததும் அவள்தான், மூடியதும் அவள்தான். லைசென்ஸ் இல்லாத எனக்குச் சாவியைத் தொடும் உரிமை கிடையாது. சின்னக் கரண்டியில் மருந்தை எடுத்து, விரலால் தட்டித் தட்டி மணிமணியாக விழவைத்தேன். லாரியில் டன் கணக்கில் சாமான் ஏற்றுகிற கை.

“போடுங்கோ. போடுங்கோ. இன்னுமொண்டு. போதும்.”

‘போதும்’ என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்லமாட்டாள். தட்டு ஆடிவிடும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு, கோயில் கர்ப்பகிரகத்துக்கு முன்னால் பேசுகிற மாதிரிச் சொல்லுவாள். அந்தச் சொல் வந்தவுடன் நான் கரண்டியை எடுத்துவிடவேண்டும். நாலு ரவைக்கு ஒருமுறை படுத்துக்கொண்டாள். நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பேன். பெட்டி முடிய நாலைந்து நாள் பிடித்தது.

வசந்தகாலம் வந்தது. அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பீரோச் சாவியையும் பெட்டிச் சாவியையும் அந்த வெள்ளைக்காரம்மாவிடம் கொடுத்துவைத்தாள். ஒரு மத்தியானம், மகளும் நானும் பக்கத்தில் இருந்தோம், கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“ரவையை வீணாக்கிப்போடாதேங்கோ, என்ன.”

“சரிம்மா,” என்றேன். அதற்குப் பிறகும் இரண்டு நாள் இருந்தாள். தண்ணீர் கேட்டாள். ஜன்னல் திரையை இழுக்கச் சொன்னாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அவள் படுக்கையில் விழும்முன் இந்தியக் கடையில் பெரிய மூட்டையாக ரவை வாங்கியிருந்தாள். நான் அதைத் தின்ன ஆரம்பித்தேன். காரியத்துக்கு வந்தவர்கள் சோறும் கறியுமாகக் கொண்டுவந்து தந்தார்கள். அதை ஒதுக்கிவிட்டுத் தினமும் உப்புமா கிண்டினேன். வேலைக்கும் அதே டப்பா. அடிப்பிடித்தாலும் தின்றேன். சாகப்போகிறவள் கடைசியாக ஒன்று சொல்லியிருக்கிறாள், அதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்றுதான். மூட்டை குறைகிற மாதிரியே தெரியவில்லை.

முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்து ஒரு சனிக்கிழமை வெள்ளைக்காரம்மா சாவியோடு வந்தது. துப்பாக்கியையும் ரவையையும் லைசென்ஸ் இல்லாத என் வீட்டில் விட்டுவைக்க முடியாது. பெட்டியைத் திறந்து ரவைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. பிறகு மெதுவாகச் சொன்னது: துப்பாக்கியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளுமாம்; ரவைகளைப் பிரித்து, குண்டைத் தனியாகக் கழற்றி, மருந்தைக் கொட்டிவிடுமாம். ஒருவர் கையால் செய்த ரவையை இன்னொருவர் சுடக்கூடாது, அது அவர்கள் எல்லாரும் வைத்திருக்கிற சட்டம். மருந்து கூடிப்போயிருந்தால் துப்பாக்கி முகத்திலேயே வெடிக்கும். அவளுக்குக் கடைசியில் கை உணர்வே இல்லை என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும்.

நான் தலையாட்டினேன். என் இங்கிலீஷுக்குத் தலையாட்டத்தான் வரும். மகள் என் பக்கம் திரும்பினாள். இங்கே பிறந்தவள், தமிழில் கேட்டால் பாதி இங்கிலீஷில் பதில் சொல்லுகிறவள்.

“நோ வே. அப்பா, சொல்லுங்க. அம்மா ஹாஸ்பிட்டல்ல உங்ககிட்டதானே சொன்னாங்க. ரவையை வேஸ்ட் பண்ணாதீங்கன்னு.”

“அதான் தினமும் திங்கிறேனேம்மா.”

அவள் என்னையே பார்த்தாள். அடுப்பில் இருந்த சட்டியைப் பார்த்தாள்.

“அப்பா. அது செமொலினா.”

அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது அம்மா. கராஜ் வாசலில் வைத்து. ரவை என்றால் அவளுக்கு ஒரே அர்த்தம்தான், துப்பாக்கியில் போடுவது. மூட்டையில் இருப்பது செமொலினா. நான் துக்கத்தில் வேறு எதுவும் சமைக்க முடியாமல் அதையே கிண்டுகிறேன் என்று நினைத்து, ஒரு மாதம் ஒன்றும் சொல்லாமல் கூட உட்கார்ந்து தின்றிருக்கிறாள் பிள்ளை.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படியே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மகள் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னாள். அந்த வெள்ளைக்காரம்மா பெட்டியை மூடாமல் வைத்துக்கொண்டு கேட்டது, மருந்து நிறுத்தது யார்?

“கை நான். கண் அவள்,” என்றேன். மகள் மொழிபெயர்த்தாள். ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் அளந்த வெடிமருந்து என்று கேட்டால் நானே நாலு அடி தள்ளித்தான் நிற்பேன். அந்த அம்மா யோசித்தது. நாலு ரவையைத் தன் வீட்டில் பிரித்து நிறுத்துப் பார்ப்பதாகவும், துளி பிசகினாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுவதாகவும் சொல்லி, துப்பாக்கியோடு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனது. அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. அவள் கண் பிசகாது. என் கையைத்தான் நம்பமுடியவில்லை.

வெள்ளிக்கிழமை மகளுக்கு மெசேஜ் வந்தது. நாலும் ஒரே எடை. நாளைக்கு ரேஞ்சுக்கு வாருங்கள், அவள் துப்பாக்கியில் மட்டும் சுடலாம்.

தெற்கே மேய்ச்சல் நிலத்துக்கு நடுவில் ரேஞ்ச். தூரத்தில் மண்மேடு, அதன் முன்னால் தபால்தலை அளவுக்கு ஒரு வெள்ளைப் பலகை. லைசென்ஸ் இல்லாவிட்டாலும் பக்கத்தில் ஒருவர் படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டால் சுடலாமாம். முதலில் என்னைப் படுக்கச் சொன்னார்கள். படுத்தேன். வயிறு இடித்தது. அவள் கன்னம் வைத்த இடத்தில் கன்னத்தை வைத்தேன். சுட்டேன். பலகை அப்படியே நின்றது. அந்த ரவை எங்கே போனது என்று மண்மேட்டுக்குத்தான் தெரியும்.

எழுந்துவிட்டேன். அவள் படுத்துப் படுத்து எழுந்து செய்ததில் ஒன்றை வீணாக்கிவிட்டேன். இன்னொன்றை எடுக்க மனம் வரவில்லை. “நீ சுடும்மா,” என்றேன். மகள் அம்மாவோடு முன்பு சில தடவை வந்தவள். படுத்தாள். ஒவ்வொன்றாகச் சுட்டாள். நான் பின்னால் நின்று ஒவ்வொரு சத்தத்துக்கும் ‘போதும்’ என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பெட்டி காலியானது.

காகிதத்தைக் கொண்டுவந்து காரின் மேல் விரித்தார்கள். ஓட்டைகள் இடதும் வலதுமாகச் சிதறிக் கிடந்தன, ஆனால் எல்லாம் ஒரே மட்டத்தில், சுவரில் எறும்பு போகிற வரிசை மாதிரி. வெள்ளைக்காரம்மா விரலை அந்த வரிசையில் இழுத்தது. இப்படிப் பக்கவாட்டில் போனது காற்று, சுட்ட பிள்ளைக்கு இன்னும் பழக்கம் போதாது. மேலும் கீழும் போகவில்லையே, பார், அது சரியாக நிறுத்த மருந்து, என்றது. இதற்கு மகளின் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

காலிக் கூடுகளை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். கொண்டுவந்தேன். பிரெஸ் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

மூட்டை ரவையில் வண்டு வந்துவிட்டது. தூக்கிப்போடச் சொன்னாள் மகள்.

“அம்மா ஒருவேளை ரெண்டையும் சேத்துச் சொல்லியிருந்தா?” என்றேன்.

நான் சலித்து, வறுத்து, உப்புமா கிண்டினேன். மகள் தட்டை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். பரிமாறினேன். இன்னொரு கரண்டி எடுத்தேன்.

“போதும்,” என்றாள். சத்தமில்லாமல், மூச்சை அடக்கிக்கொண்டு.

நான் கரண்டியை எடுத்துவிட்டேன்.