கறுத்துப்போன பேட்ஜ்

அப்போது என் மகள் அணு இயற்பியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். செம்பூர் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வருவாள். அவர்கள் குழுவோடு வானியல்காரர்கள் சிலரும் சேர்ந்திருந்தார்கள். சுருங்கி இறுகிய ஒரு நட்சத்திரத்தின் மேல் பக்கத்து நட்சத்திரத்தின் வாயு விழுந்து சேர்ந்து, திடீரென்று பற்றிக்கொள்ளுமாம். சில நொடிகளுக்கு எக்ஸ்ரே பீறிடும். அந்த வெடிப்பைக் கவனிப்பது வானியல்காரர்கள் வேலை. எந்த அணுக்கரு எவ்வளவு வேகமாக எரிகிறது என்பதை, பெரிய இயந்திரத்தில் துகள்களை மோதவிட்டு அளப்பது இவர்கள் வேலை.

"அவாளுக்குக் கணக்கு பத்து மடங்கு முன்னே பின்னே இருந்தாலும் போறும்மா" என்று வானியல்காரர்களைக் கேலி செய்வாள்.

அளவெடுக்க நாள் குறித்தாயிற்று. அந்த வாரம் ஒரு சாயங்காலம் முகம் வெளிறி வந்தாள். கதிர்வீச்சு பட்டால் தெரிவதற்காக எல்லோரும் உடையில் குத்திக்கொள்ளும் ஃபிலிம் பேட்ஜ், அவளுடையது மட்டும் கறுத்திருந்ததாம். காரணம் தெரியும்வரை இயந்திரக் கூடத்துக்குள் விடமாட்டார்கள். பரிசோதனைக்கு ரத்தம் எடுத்திருந்தார்கள்.

கல்யாணம், குழந்தை என்று என் மனசு எங்கெங்கோ போயிற்று. வேலையை விட்டுவிடு என்றேன். போய்ப் படுத்துக்கொண்டாள்.

அவள் குழுவினர் இயந்திரத்தைத் துருவிப் பார்த்தார்கள். கோளாறு எதுவும் அகப்படவில்லை. வானியல்காரர்களில் ஒருவர்தான் வேறு விதமாகக் கேட்டாராம், இந்த மாதம் முழுக்க அந்த பேட்ஜ் எங்கெல்லாம் இருந்தது என்று. கருவியில் ஒரு வெடிப்பு பதிவானால், அது வானத்திலிருந்து வந்ததா, பக்கத்திலிருந்தே வந்ததா என்றுதான் அவர்கள் முதலில் பார்ப்பார்களாம்.

இதைச் சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அம்மா, மாட்டுங்கா ஆஸ்பத்திரில உனக்கு மார் எக்ஸ்ரே எடுத்தோமே."

எக்ஸ்ரே எடுத்த அன்று எனக்குக் கடும் காய்ச்சல். ஃபோன் போனதும், வெளியே வரும்போது கழற்றி மாட்டவேண்டிய பேட்ஜோடு அப்படியே ஓடிவந்திருந்தாள். நிற்க முடியாத என்னை எக்ஸ்ரே அறையில் தாங்கிப் பிடித்தவளும் அவள்தான். அவள் தோளில் இருந்த பேட்ஜ் என் தோளோடு ஒட்டியிருந்தது.

மறுநாள் ஃபிலிமை மறுபடி ஆராய்ந்தார்கள். பேட்ஜுக்குள் ஃபிலிமின் ஒரு பகுதியை உலோகத் தகடு மூடியிருக்குமாம்; அந்த இடம் வெளுப்பாகவே இருந்தது. இயந்திரத்துக் கதிர் தகட்டையும் தாண்டியிருக்கும். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அவ்வளவு தாண்டாது. ரத்தத்திலும் குறையில்லை. குறித்த நாளில் அவளை உள்ளே விட்டார்கள்.

அன்று காலை பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன்.

"இனிமேலாவது நிம்மதியா இரேன்" என்றாள்.

சரி என்றேன். இன்றும் அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது என் கண் முதலில் அவள் தோளுக்குத்தான் போகிறது.