ஏலக்காரம்மாவின் மேல்தாடை

"பல்லு பாக்கற எடத்துல இன்னாடா சுத்தியல் சத்தம்?" படிக்கட்டில் யாரோ கேட்டது உள்ளே எனக்குக் கேட்டது. விலங்கியல் படித்துவிட்டு ராயபுரத்தில் பல் டாக்டருக்கு உதவியாளராக இருந்தேன். அந்த நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருக்கும் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பக்கத்தில் எச்சில் உறிஞ்சும் குழாயோடு நிற்பவளுக்கும் உள்ளங்கை வியர்க்கும்.

சங்கரா மீன் நடுவே

தேசம்மாக்கா காசிமேட்டில் மீன் ஏலம் கூவுபவர். படகுக் கயிறு அடித்து மேல்வரிசை முன்பற்கள் போய்ப் பல வருஷம். கழற்றி மாட்டும் பல்செட் போட்டிருந்தார். ஒருநாள் ஏலம் சூடு பிடித்த நேரத்தில் அது தெறித்துப்போய் சங்கரா மீன் குவியலில் விழுந்தது. அன்றிலிருந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டே கூவினார். குரல் எடுபடவில்லை. இப்படியே போனால் வேறு ஆள் பார்ப்பதாகப் படகுக்காரர் சொல்லிவிட்டார். அதைவிட, பல்செட் விழுந்த அன்று ஒரு வியாபாரி கேட்டதுதான் அவருக்கு ஆறவில்லை.

"யக்கா, அந்தப் பல்லு இன்னா வெல?"

கை தூக்கினால்

அக்கா எங்களிடம் வந்தபோது, பல் இல்லாத இடத்தில் தாடை எலும்பு தேய்ந்து கத்தி விளிம்பாக நின்றது. செயற்கைப் பல்லைத் தாங்கும் திருகு நட அகலம் போதாது. பிளந்து விரிக்க வேண்டும் என்றார் டாக்டர். மரத்துப்போக ஊசி போட்டு, வலித்தால் கையைத் தூக்கச் சொன்னார். ஈறைத் திறந்து, எலும்பின் முகட்டில் கோடு கீறி, மெல்லிய உளியை வைத்துச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். கை உயர்ந்தது. நிறுத்தினார். மறுபடி தட்டினார். மறுபடியும் கை உயர்ந்தது. இன்னொரு ஊசி போட்ட பிறகும் அதே கதை. கடைசியில் குழாயை விலக்கச் சொல்லி என்னிடம் சைகை காட்டினார் அக்கா.

"ஏலத்துல கை தூக்குனா மேல ஏத்துன்னு அர்த்தம் நைனா. நீ இன்னா நிறுத்திகினே கீற?"

வழிவிட்ட எலும்பு

பிறகு டாக்டர் தட்டினார், காத்திருந்தார், சற்றுத் தடித்த உளியை எடுத்தார். அவசரப்பட்டால் வெளிச்சுவர் முறிந்துவிடும். என் கண்ணெதிரே அந்த எலும்பு உடையாமல், மெல்ல மெல்ல இரண்டாக விலகியது. உயிருள்ள எலும்புக்கு அப்படி ஒரு இசைவு உண்டென்று கல்லூரியில் தொட்டுப் பார்த்த எலும்புக்கூடு எனக்குச் சொன்னதில்லை. நடுவே திருகுகள் இறங்கின. மிச்ச இடைவெளியில் எலும்புத் தூளை நிரப்பித் தைத்தார். தையல் நூலை வெட்டக் கத்தரிக்கோல் கேட்டும் நான் அசையாமல் நின்றிருக்கிறேன்.

"மூச்சு விடும்மா," என்றார் டாக்டர்.

காசிமேட்டில்

மாதங்கள் கழித்து, எலும்பு திருகைப் பற்றிக்கொண்டபின் பல் கட்டினோம். கண்ணாடியைக் கொடுத்தேன், வாயை மூடிய முந்தானையை விலக்காமலே பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவை மீன் வாங்கக் கூட்டிக்கொண்டு போனேன். குவியலுக்கு முன்னால் அக்கா வாயை மூடியபடி நின்றிருந்தார். பல்லுக்கு விலை கேட்ட அதே வியாபாரி எதிரே இருந்தார்.

"யக்கா, இன்னிக்கு மீனு மட்டுந்தானா?"

தேசம்மாக்கா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தபடியே முதல் விலையைக் கூவினார்.