பாலைவனத்தில் ஹீட்டர்

டெக்சாஸின் மேற்குக் கோடி. ஒரு காலத்தில் கோவேறு கழுதைகள் சரக்கு இழுத்த தடத்தை ஒட்டித்தான் இந்த ஃப்ரீவே போகிறது. கேட்டி நகரிலிருந்து துணைக்கு என்னை ஏற்றிவந்த முருகேசனின் கார், உச்சி வெயிலில் சூடேறி நிற்கிறது. நாளைக் காலை எல்லைக்கு அப்பால் ஹுவாரெஸ் தூதரகத்தில் அவருக்கு விசா ஸ்டாம்பிங். பாஸ்போர்ட்டில் அந்த முத்திரை கிடைத்தால்தான் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்த் திரும்ப முடியும்.

ஊரில் சில வருஷம் லாரி ஓட்டியிருக்கிறேன். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுகிறேன்.

"ஏசியை அணைச்சிட்டு ஹீட்டரைப் போடுங்க."

"வெளையாடுறீங்களா? வெளியவே நூத்தி அஞ்சு டிகிரிங்க."

"எஞ்சின் சூடு நம்ம பக்கம் வந்துரும். நாம வெந்தாலும் வண்டி போகும்."

யோசித்துவிட்டுப் போடுகிறார்.

"நீங்க கம்ப்யூட்டர் படிச்சவரு, தெரிஞ்சிருக்காது" என்கிறேன்.

"மெக்கானிக்கல்ங்க. ஃபர்ஸ்ட் கிளாஸ். ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

கண்ணாடிகளை இறக்கிவிட்டு மெதுவாகப் போகிறோம். என் முழங்கால் எரிகிறது. விசா பேப்பரில் வேர்வை சொட்டாமல் ஃபைலைப் பின்சீட்டில் போடுகிறேன். சூடு காட்டும் முள் கொஞ்சம் இறங்குகிறது.

"கல்யாணத்துக்கு நீங்களும் வந்துருங்க" என்கிறார்.

"முள்ளைப் பாத்து ஓட்டுங்க."

எல்லைக்கு இன்னும் நூற்றிருபது மைல்.