பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாத இடம்

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு ஒருநாள்கூட என் கனவில் வந்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரி வாரத்துக்கு ஒருதரம் செத்துப்போன மாமியாரோடு கனவில் சண்டை போடுகிறாள். என் தங்கைக்கு எங்கள் அப்பா வந்து மாத்திரை சாப்பிடச் சொல்லிவிட்டுப் போகிறார். எனக்கு மட்டும் ஒன்றும் இல்லை. வீடு துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. பீரோவில் இருந்த அவர் சட்டையை மோந்து பார்த்தால் சோப்பு வாசனைதான் வந்தது. பேய், ஆவி எதையும் நம்பாதவள் நான். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடிவிட்ட கை இது. ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. எல்லார் வீட்டுச் செத்தவர்களும் வந்து போகிறார்கள், இந்த மனுஷனுக்கு மட்டும் என்ன கேடு என்று.

அதனால்தான் அந்தப் போன் வந்தபோது வைத்துவிடாமல் கேட்டேன்.

பேசியது அவரிடம் படித்த ஒரு தம்பி. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். ரிட்டையர் ஆன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு வேன் பிடித்து, வெளியூர்க்காரர்களைப் பழைய இடங்களுக்குக் கூட்டிப்போய்க் காட்டிக்கொண்டிருந்தார். காலையில் எலவனாசூர்கோட்டை சிவன் கோயில், மதியம் கல்வராயன் மலையில் கல்வீடுகள், பொழுது சாய ஊர் திரும்பிவிடலாம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைமேல் அந்தக் கல்வீடுகளுக்கு முன்னால்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் வேனை எடுத்து நடத்துவது இந்தத் தம்பிதான்.

"அம்மா, தப்பா நெனச்சிக்காதீங்க. மலையில ஒங்கள வரச் சொல்றாங்க. சாரு இன்னும் அங்கியே நிக்கிறாராம்."

"இன்னா தம்பி, கிண்டலா?"

"இல்லம்மா. ஆடுங்க அந்தப் பக்கம் போவ மாட்டேங்குதாம். வூட்டாளுங்க யாராச்சும் வந்து கூட்டிக்கினு போவணும்னு ஒவ்வொரு நடையும் சொல்லிக்கினே இருக்காங்க. இல்லன்னா இனிமே வேனை உள்ள வுட மாட்டோம்னுட்டாங்க."

நன்றாகத் திட்டினேன். படித்த பையன் பேசுகிற பேச்சா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றேன். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அவரைப் பெற்றவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீட்டாள் என்றால் நான் ஒருத்திதான். அவர் அங்கே நிற்கிறார் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் இங்கே இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் கைப்பையோடு நின்றேன்.

அவர் உயிரோடு இருந்தபோது நான் ஒருமுறைகூட அந்த வேனில் ஏறியதில்லை. டூட்டி ஒத்துவரவில்லை, பிறகு முழங்கால் ஒத்துவரவில்லை. ஆனால் அவர் என்ன பேசுவார் என்பது எனக்கு மனப்பாடம். சனிக்கிழமை சாயங்காலம் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பேன். அவர் பிரிட்ஜின்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மறுநாள் பேச வேண்டியதைப் பேசிப் பார்ப்பார். பிரிட்ஜ்தான் கோயில் சுவர். வெங்காயத்தால் எனக்குக் கண்ணீர் வந்தால், 'பாத்தியா, எப்பேர்ப்பட்ட பேச்சு!' என்பார்.

எலவனாசூர்கோட்டையில் சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்தவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தம்பியைச் சுற்றி நின்றார்கள். அவன் கல்வெட்டு இருந்த சுவரில் உள்ளங்கையை வைத்தான்.

"கோயில்ல விளக்கு எரியணும்னு ஒருத்தரு ஆடு குடுத்திருக்காரு. அந்த ஆட்டு நெய்யில விளக்கு எரியும். ஆடு செத்தா குட்டி வந்துடும், கெழடானா இன்னொண்ணு வந்துடும், கணக்கு கம்மியாவாது. அதனால அதுக்குப் பேரு சாவா மூவாப் பேராடு. சாவும் கெடையாது, கெழடும் கெடையாது."

அங்கே நிறுத்தினான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடித்தான். மூடியைத் திருகிக்கொண்டே சொன்னான்.

"எங்கள மாதிரி இல்ல. ரிட்டையர்மென்ட்டே இல்லாத உத்தியோகம்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முதுகு சில்லிட்டது. இந்தத் தம்பிக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை. ரிட்டையர்மென்டைப் பற்றி 'எங்கள' என்கிறான். நிறுத்தின இடம், குடித்த தண்ணீர், மூடியைத் திருகின கை, எல்லாம் அவருடையது. பேச்சு என் அடுப்படியிலிருந்து வந்துகொண்டிருந்தது. "சுவத்துல கைய வெச்சுப் பாருங்க, சூடா இருக்கும்" என்றான் அடுத்தபடியாக. அவனுக்கு முன்னாலேயே என் உதடு அதைச் சொல்லிவிட்டது. நானும் போய்க் கையை வைத்தேன். வெயில் பட்ட சுவர், சூடாகத்தான் இருந்தது.

திரும்பவும் கள்ளக்குறிச்சிக்குள் வந்து, கச்சிராயபாளையம் தாண்டி, வேன் மலை ஏறத் தொடங்கியது. வளைவுகளில் எல்லாரும் ஒருபக்கமாகச் சாய்ந்தோம். தம்பி மைக்கை எடுத்து மலைக்காரர்களின் கட்டுப்பாட்டைச் சொன்னான். மூன்று பக்கம் பலகைக்கல், மேலே மூடுகல் என்று நிற்கிற அந்தக் கல்வீடுகளை அவர்கள் குள்ளர் வீடு என்பார்கள். படித்தவர்கள் அதைப் பழங்காலத்துச் சமாதி என்பார்கள். எதுவாக இருந்தாலும், வழியில் ஒரு ஓடை வரும். ஓடையைத் தாண்டிவிட்டால் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது.

"அண்ணே, அக்கா, இந்தாங்க... எது வேணா சொல்லிக் கூப்புடுங்க. பேர மட்டும் சொல்லாதீங்க. கல்லு காதுல வுழுந்துச்சுன்னா எடுத்து வெச்சிக்கும். அப்பறம் ஆளு அங்கியேதான்."

சிரித்தார்கள். ஒருவர் சட்டையில் குத்தியிருந்த பேர் அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதற்கும் சிரித்தார்கள்.

இதையும் அவர்தான் எப்போதும் சொல்வார். அன்றைக்கும் சொல்லித்தான் கூட்டிப்போயிருக்கிறார். போய், கல்லுக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். கூடவே வந்திருந்த அவருடைய கல்லூரிச் சிநேகிதர், சின்னசேலத்துக்காரர், பதறிப்போய்த் தோளைப் பிடித்து உலுக்கிப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். ஒருதரம் இரண்டுதரம் அல்ல, வேனில் தூக்கிப் போடுகிற வரைக்கும் மலை எதிரொலிக்கிற மாதிரி கத்தியிருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மயங்கி விழுந்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார் என்றுதான் எங்களுக்கும் பாடம். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று நினைத்தேன். உடனே, செய்திருப்பேனா என்றும் நினைத்தேன்.

ஓடைக்கு இந்தப் பக்கமே ஒரு மலைக்காரப் பெண் காத்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். அந்த இடத்தை ஒட்டி அவளுக்குச் சாமைக் கொல்லை இருந்தது. பத்துப் பதினைந்து ஆடுகள் அவளைச் சுற்றி நின்றன. ஓடையில் பேருக்குத்தான் தண்ணீர். அக்கரையில் நல்ல பசும்புல். ஒரு ஆடுகூட அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

"நீதான் வாத்தியார் சம்சாரமா? இப்பதான் ஒனக்கு வழி தெரிஞ்சிதா?"

எனக்குச் சுருக்கென்றது. "எனக்கு யாரும் சொல்லலியே" என்றேன்.

"கட்டினவனக் காணோமேன்னு ஒனக்கே தோணலியா? சரி, கூட்டிக்கினு போ. பாவம், எத்தினி நாளு நிப்பாரு. எங்களுக்கும் தொல்ல."

"எங்க நிக்கிறாரு?" என்று கேட்டேன். வார்டில் நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கிற அதே குரலில்தான் கேட்டேன்.

மோவாயால் காட்டினாள். "அதோ, ரெண்டாவது கல்லுகிட்ட. சட்டப் பையில கைய வுட்டுத் தேடிக்கினு."

அங்கே கல்லும் வெயிலும்தான் இருந்தன. ஆனால் சட்டைப்பையில் கையை விட்டுத் தேடுவது அவருக்கு வேலையில் இருந்த காலத்திலிருந்தே பழக்கம். சாக்பீஸ் தேடுவார். ரிட்டையர் ஆன பிறகும் தேடுவார், கிடைக்காது, கையைப் பார்ப்பார். உயிரோடு வந்துபோன காலத்தில் இவள் பார்த்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என்ன செய்ய வேண்டும் என்று அவள் சொன்னாள். ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று, அன்றைக்கு எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்களோ அதே பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். வீட்டுக்குப் போகலாம் வா என்று சொல்ல வேண்டும். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். வீட்டில் அவருக்குப் பிடித்ததை ஆக்கிப் போட வேண்டும். சாப்பாடு ஆனதும் வாசலில் நின்று இன்னொருதரம் பேரைச் சொல்லி, போய் வா என்று அனுப்ப வேண்டும்.

"அப்பதான் அவரு போவ வேண்டிய எடத்துக்குப் போவாரு. புரிஞ்சிதா?"

புரிந்தது. கஷ்டம் அதில் இல்லை. நான் என் வீட்டுக்காரர் பேரை ஒருநாளும் சொன்னதில்லை.

பதிபக்தி, அது இது என்று நினைத்துவிட வேண்டாம். அவரை நான் திட்டாத திட்டு கிடையாது. கல்யாணமான புதிதில் அந்த வீட்டில் யாரும் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. பிறகு அவர்கள் எல்லாரும் போனார்கள், பழக்கம் மட்டும் என் நாக்கில் உட்கார்ந்துகொண்டது. வெளிநோயாளிகள் வரிசையில் நின்று ஊரிலுள்ள ஆண்பிள்ளை பேரையெல்லாம் தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்துவேன். அவருக்கு ஹெர்னியா ஆப்பரேஷன் ஆனபோது, பேர் என்ன என்று கேட்ட டாக்டரிடம் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினேன். படுக்கையில் கிடந்தவர் சிரித்தார்.

"ஊர்ல இருக்கிற அத்தன ஆம்பளைங்க பேரும் வாயில வருது. எம் பேரு மட்டும் கசக்குதா?"

"கசக்கல. இனிப்பா இருந்துச்சு, முழுங்கிட்டேன்" என்றேன்.

"ஒரே ஒரு தரம் சொல்லேன், கேப்போம்."

"தையல் பிரிஞ்சிடும், சும்மா படுங்க."

அந்தப் பேச்சு இப்போது ஓடைக்கரையில் ஞாபகம் வந்தது. வேனில் வந்தவர்கள் பின்னால் நின்றார்கள். போனைத் தூக்கியிருந்தவர்கள்கூட இறக்கிவிட்டார்கள்.

"ஏங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை. "ஏங்க... இந்தாங்க..."

மலைக்காரப் பெண்ணுக்குப் பொறுமை போய்விட்டது. "ஏங்கன்னா எந்த ஊர் புருஷன் திரும்புவான்? பேரச் சொல்லுக்கா!"

தலையை நிமிர்த்தினேன். ஆஸ்பத்திரி வரிசையில் கத்துகிற அந்தக் குரலை எடுத்தேன். சொன்னேன். முதலெழுத்து மட்டும் கொஞ்சம் ஒட்டியது, அப்புறம் முழுசாக வந்துவிட்டது. மலை அதை வாங்கித் திருப்பிச் சொன்னது. "வா, வூட்டுக்குப் போலாம்" என்றேன். 'வாங்க' என்று சொல்ல மறந்துவிட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திரும்பி நடந்தேன்.

நாலடி வைத்திருப்பேன். பின்னால் ஆட்டு மணிச் சத்தம் கேட்டது. முதலில் ஒன்று, பிறகு எல்லாம். தண்ணீரில் குளம்பு படுகிற சத்தம். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் நான் பார்க்கவில்லை. "ம், போ, போய்க்கினே இரு" என்று அவள் குரல் மட்டும் வந்தது.

வேனில் என் பக்கத்து இருக்கையில் தம்பியின் பை இருந்தது. அவன் அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். ஊர் வரும்வரை அங்கே யாரும் உட்காரவில்லை. நானும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுப் பூட்டைத் திறந்ததும் கதவை அகலமாக விரித்து ஒதுங்கி நின்றேன். யாராவது பார்த்திருந்தால் கிழவிக்குப் பைத்தியம் என்றிருப்பார்கள். கத்திரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். வெங்காயம் நறுக்கும்போது பிரிட்ஜ் பக்கம் திரும்பாமல் நறுக்கினேன். தட்டில் சோறு போட்டு எதிரே உட்கார்ந்தேன். சோற்றிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. அது அடங்கியதும் எழுந்து தட்டைக் கழுவினேன். வாசல் வரைக்கும் போனேன். தெரு விளக்கு போட்டிருந்தார்கள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு உள்ளே வந்து கதவைத் தாழ் போட்டேன்.

அந்த வாரத்தில் ஒருநாள் பீரோவைத் திறந்து சட்டையை எடுத்தேன். சோப்பு வாசனை இல்லை. சாக்பீஸ் தூளும் வியர்வையும் கலந்த வாசனை வந்தது. அதை மடித்து அப்படியே வைத்துவிட்டேன். மறுபடி எடுத்து மோந்து பார்க்கவில்லை, பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

அடுத்த நடை போய் வந்ததும் தம்பி போன் செய்தான். ஆடுகள் அக்கரையில் மேய்கின்றனவாம், வேனை உள்ளே விட்டுவிட்டார்களாம். சந்தோஷமாகத்தான் சொன்னான். பிறகு குரல் இறங்கியது.

"அம்மா, ஒண்ணு சொல்லட்டா? எலவனாசூர்கோட்டையில சாரு பேசுறது எனக்கு வாயில வரவேயில்ல. தண்ணி குடிச்சேன், நின்னேன், அடுத்து இன்னா சொல்லுவாருன்னே தெரியல. நானா ஏதோ சொல்லி சமாளிச்சேன்."

போனை மறுகாதுக்கு மாற்றினேன்.

"சாரை அனுப்பி வெச்சிட்டீங்கல்லம்மா?"

"ம்" என்றேன்.

அனுப்பவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வெங்காயம் நறுக்குகிறேன், பிரிட்ஜ் பக்கம் திரும்பாமல். அவருக்கும் சேர்த்து டீ போடுகிறேன். பாவம், அவர் போக வேண்டிய இடம் ஒன்று இருக்கும், காத்துக்கொண்டிருப்பார், அதுவும் எனக்குத் தெரிகிறது. வாசலில் நின்று இன்னும் ஒரே ஒரு தரம் பேரைச் சொன்னால் போதும். அத்தனை காலம் வராத பேர் இப்போது நாக்கு நுனியிலேயே இருக்கிறது. தூக்கத்தில் உளறிவிடப்போகிறேன் என்று வாயைத் துணியால் மூடிக்கொண்டு படுக்கிறேன். இவ்வளவு எழுதினேனே, இதிலும் அந்தப் பேரை நான் எழுதவில்லை.