மீசையை அடகு வைத்த மாதக் கார்டு

மற்ற தொழில்களில் சரக்கு கடைக்காரனிடம் இருக்கும். முடிவெட்டும் தொழிலில் மட்டும்தான் சரக்கு வாடிக்கையாளர் தலையில் இருக்கிறது. அது எப்போது வளரும், எப்போது கடைக்கு வரும் என்பது நம் கையில் இல்லை. ஜிம்முக்குச் சந்தா கட்டிவிட்டு வீட்டிலேயே தூங்கிய அன்பர்களே, உங்களைப் போன்ற ஒருவன்தான் இதை எழுதுகிறேன்.

மலாய் நாட்டு மலை ஊரான ரிங்லெட்டில் இருபத்திரண்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். பெயர்ப்பலகையில் பெயர் கிடையாது, என் மீசையின் படம் மட்டும்தான். தோட்டத்து ஆட்கள் மீசைக் கடை என்பார்கள். மலாய்க்காரர்கள் பேச்சிலும் மீசைக்குக் கிட்டத்தட்ட அதே சொல்தான் என்பதால் அவர்களுக்கும் அதுவே பெயர். போன வருடக் கடைசியில் எதிர்வரிசையில் கோமதி என்ற பெண் புதுக் கடை திறந்தாள், ஏசியோடு. சுவெட்டர் போட்டுக்கொண்டு தேநீர் குடிக்கிற ஊரில் ஏசி. ஆனாலும் என் ஆட்கள் அங்கே போய்க் குளிரில் நடுங்கியபடி உட்கார்ந்தார்கள், ஏனென்றால் அவள் மாதக் கார்டு போட்டிருந்தாள்.

எனக்குப் பதற்றமாகிவிட்டது. ஜனவரி பிறந்ததும் நானும் பலகை எழுதி வைத்தேன். ஒரு தடவை வெட்டினால் பதினைந்து வெள்ளி (ரிங்கிட்), மாதக் கார்டு முப்பது வெள்ளி, எத்தனை தடவை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். அதோடு விட்டிருக்கலாம். 'மாத முடிவில் நஷ்டம் என்று ஒருவர் சொன்னாலும் மீசையை எடுத்துவிடுகிறேன்' என்று கீழே ஒரு வரி சேர்த்தேன். இருபது பேர் கார்டு எடுத்தார்கள்.

மிஞ்சியது புதன்கிழமை

முதல் கார்டு செல்வராஜுவுக்கு. தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவன். காசு கட்டிய கையோடு சுவரில் இருந்த நாள்காட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். செவ்வாய், வெள்ளி முடி வெட்டக் கூடாது. சனிக்கிழமை அவன் அம்மாவுக்கு ஆகாது. ஞாயிறு அவன் பிறந்த கிழமை. திங்கள் அவன் மனைவி பிறந்த கிழமை. அன்று வெட்டினால் வீட்டுக்குள் விடமாட்டாள். வியாழன் மாமியார் விரதம். மிஞ்சியது புதன் ஒன்றுதான்.

புதன்கிழமை என் கடைக்கு விடுமுறை. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் நான் வெயில் வரும்வரை தூங்குவேன். முதல் கார்டே நஷ்டமாகிவிடக் கூடாதே என்று அவன் ஒருவனுக்காகப் புதன்கிழமையும் கடையைத் திறந்தேன். முதல் புதனே முழுசாக வெட்டியாகிவிட்டது. அடுத்த புதனும் வந்து உட்கார்ந்தான். தலையில் வெட்ட ஒன்றும் இல்லை. எதற்கப்பா வந்தாய் என்று கேட்டேன்.

"நீங்க எனக்காகக் கடை தொறந்து வச்சிருக்கீங்க, வராம இருந்தா நல்லாவா இருக்கும்ணே?"

வழுக்கைக்கு வந்த உரிமை

லோகன் பக்கத்து ஊரான லெம்பா பெர்த்தாமில் தக்காளி போடுகிறவன். கார்டு எடுத்த நாலாம் நாள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். மனைவி மாசமாக இருக்கிறாளாம். சந்தோஷம்தான். ஆனால் பிள்ளை பிறக்கும்வரை கணவன் தலையில் கத்திரி படக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். கார்டை வீட்டில் வேறு யாருக்காவது மாற்றித் தரலாமா என்று கேட்டான். மீசையை நினைத்துக்கொண்டு தாராளமாக என்றேன்.

மறுநாள் அவன் மாமனார் வந்தார். தொப்பியைக் கழற்றினார். முழு வழுக்கை, இரண்டு காதுக்குப் பின்னாலும் சேர்த்து ஒரு சிட்டிகை முடி இருந்தது. வாழ்நாளில் கடையில் வெட்டிக்கொண்டதே இல்லையாம், அவர் மனைவியே நறுக்கிவிடுவாராம். அன்றிலிருந்து இரண்டு நாளைக்கு ஒரு தடவை வந்தார். துண்டு போர்த்தி, தண்ணீர் தெளித்து, சீப்பு போட்டு, கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்ட வேண்டும். ஒரு கட்டத்தில் வெறும் காற்றில் கத்திரியைச் சத்தம் போடவைத்தேன். அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"முடி இல்லாதது என் குறைதான் லா தம்பி, ஆனா கார்டு முழுசாத்தானே இருக்கு?"

காலையில் வெட்டியது சாயங்காலம் வளர்ந்தது

கம்போங் ராஜாவிலிருந்து முட்டைக்கோசுத் தோட்டத்துக்காரன் மணியம் ஒரு காலையில் வந்து வெட்டிக்கொண்டு போனான். சாயங்காலம் அதே மணியம், அதே நீலச் சட்டை, காதை மறைக்கிற முடியோடு வந்து கார்டை நீட்டினான். எனக்குத் தலை சுற்றியது. அவனுக்கு இரட்டைப் பிறவியாக ஒரு தம்பி இருப்பது ஊருக்கே தெரியும், அந்த நிமிடம் எனக்குத்தான் நினைவுக்கு வரவில்லை. கார்டில் போட்டோ ஒட்ட வேண்டும் என்றும் எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

வெட்டி முடிக்கும்போதுதான் காதோரத்தில் மச்சத்தைப் பார்த்தேன். காலையில் வந்த காதில் மச்சம் இல்லை. சண்டை போட்டால் நஷ்டம் என்று சொல்லிவிடுவானோ என்று பயம். மெதுவாக, காலையில்தானே வெட்டினேன், அதற்குள் எப்படி இவ்வளவு வளர்ந்தது என்று மட்டும் கேட்டேன். கொஞ்சமும் அசரவில்லை.

"இந்தக் குளிருக்கு எது போட்டாலும் வளரும்ணே, எங்க கோச நீங்க பாத்ததில்லையா?"

பன்னிரண்டு மொட்டை

கார்டை ஜனவரியில் ஆரம்பித்தது என் அறிவு. தைப்பூசத்துக்கு மூன்று வாரம். கார்டு எடுத்த இருபது பேரில் பன்னிரண்டு பேர் விரதம். விரதக்காரர்கள் முடி வெட்ட மாட்டார்கள், தாடிகூட எடுக்க மாட்டார்கள். தைப்பூசத்தன்று மலை இறங்கிப் போய்க் கோயிலில் மொட்டை போட்டுக்கொள்வார்கள், அதுவும் அங்கே இருக்கிறவர் கையால். இருபத்திரண்டு வருடமாக இதைப் பார்க்கிறவன் மறக்கலாமா? ஏசியைப் பார்த்த கலக்கத்தில் மறந்தேன்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது பன்னிரண்டு பேரும் வரிசையாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு தலையும் சந்தனம் பூசி மஞ்சளாக இருந்தது. என்ன செய்யட்டும் என்றேன். அவர்களுக்கும் தெரியவில்லை. வெளியே மழை, உள்ளே புது மொட்டைகள் குளிரில் வெடவெடவென்று ஆடின. ஒருவன் ஹேர் டிரையரைக் கையால் காட்டினான். பிறகு இரண்டு மணி நேரம் நான் ஒவ்வொரு தலையாகச் சூடு காட்டினேன். போனவர்கள் சுற்றி வந்து மறுபடி கடைசியில் உட்கார்ந்தார்கள்.

"பின்மண்டையில இன்னும் கொஞ்சம் காட்டுங்கண்ணே, கார்டுக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்குல."

மீசை

கடைசி நாள் புதன்கிழமை. கடை நிறைந்திருந்தது. பலகையில் எழுதியபடி எல்லோர் முன்னாலும் கேட்டேன், யாருக்காவது நஷ்டமா என்று. மொட்டைகள் தலையாட்டி இல்லை என்றன. லோகனின் மாமனார் லாபம் என்றார். மணியம் சகோதரர்கள் ஒரே குரலில் லாபம் என்றார்கள், அவர்களாவது உண்மையைச் சொன்னார்கள். பெருமை தாங்காமல் மீசையைத் தடவிக்கொண்டேன். நாற்காலியில் இருந்த செல்வராஜு மட்டும் நாள்காட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தான். உனக்கென்னப்பா என்றேன்.

"நஷ்டம்தாண்ணே. பாதிப் பேருக்கு மேல அப்படித்தான். சொன்னா உங்க மீசை போயிரும்னு பேசி வச்சிக்கிட்டோம்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே புரிந்தது. பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் அவனை முறைத்தார்கள். என் மீசைக்காக இத்தனை பேர் முப்பது வெள்ளியை விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். வேண்டாம், அவன் சொன்னது கணக்கில் இல்லை என்று மாமனார் எழுந்து நின்று சொன்னார். அவர்களிடம் போய் நான் வார்த்தை மாறுவதா? கத்தியை எடுத்தேன். ஆயிரம் முகத்தில் ஓடிய கத்தி என் முகத்தில் ஓடவில்லை. வேறு வழியில்லாமல் ரோட்டைத் தாண்டினேன். பன்னிரண்டு மொட்டையும் பின்னால் வந்தன.

கோமதி ஏசியைக் குறைத்தாள், எனக்காக. மீசையைத் தொடும் முன் இரண்டு தடவை நிச்சயமா என்று கேட்டாள். எடுத்து முடித்ததும் என் மேலுதட்டில் ஏசிக் காற்று பட்டது. இருபத்திரண்டு வருடத்தில் அங்கே காற்றுப் படுவது அதுதான் முதல் தடவை. கண் கலங்கியதைக் காட்டாமல் எவ்வளவு என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாள்.

"ஒரு தடவைக்கு பத்து வெள்ளிண்ணா, ஆனா மாசக் கார்டு எடுத்துக்கிட்டா உங்களுக்குத்தான் லாபம்."

ஆகவே அன்பர்களே, மாதக் கார்டு வாடிக்கையாளருக்கு லாபமா என்று யார் கேட்டாலும் இப்போதெல்லாம் நான் கடைக்காரனாகப் பதில் சொல்வதில்லை, எதிர்க்கடையில் முப்பத்தைந்து வெள்ளி கட்டிக் கார்டு எடுத்துவிட்டு, அதைப் பயன்படுத்த மீசை முளைக்கட்டும் என்று காத்திருக்கிற வாடிக்கையாளராகத்தான் சொல்கிறேன்.